மூட்டு மாத்திரை

"என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேங்க. உங்க தம்பி சுவருக்கு மேல கையை நீட்டி எதையோ போட்டார். நம்ம குண்டு லபக்குனு முழுங்கிடுச்சு."

மனைவி சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் இருண்டுபோனது.

ஒரு வாரமாகவே அவர்கள் நாய் குண்டுவுக்கு உடம்பு சரியில்லை. வைத்த சோறு வைத்தபடி கிடக்கிறது. வயிறு இளகி, நடு ஹாலிலேயே அசிங்கம் பண்ணிவிட்டு, கூனிக் குறுகி மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயதாகிவிட்டது. இடுப்பு மூட்டு தேய்ந்து எழுந்திருக்கவே தடுமாறியதால், டாக்டரம்மாவைக் கேட்டு, எடைக்குத் தகுந்த மாதிரி மூட்டு மாத்திரை வாங்கி, தினமும் ரொட்டித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்துவந்தார். இப்போதுதான் ஒரு படி, இரண்டு படி ஏற ஆரம்பித்திருந்தது. அதற்குள் இப்படி.

"அவன் அந்த அளவுக்கா இறங்குவான்?"

"வீட்டைப் பிரிச்சு நடுவுல சுவர் எழுப்பின அன்னைக்கு என்ன சொன்னார்? 'நாயையும் நீயே வெச்சுக்கோ, உங்க ரெண்டு பேர் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்'னு சொன்னாரா இல்லையா?"

சொன்னான்தான். அதன் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சே கிடையாது. தெருவில் எதிரெதிரே வந்தால்கூட ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மறுநாள் காலை அவர் பட்டறைக்குப் போகவில்லை. கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

சுவருக்கு மேல் தம்பியின் தலை தெரிந்தது. கை நீண்டது. குண்டு வாலை ஆட்டிக்கொண்டு, பின்காலை இழுத்து இழுத்துப் போனது.

பாய்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்தார்.

"கையை விரிடா!"

உள்ளங்கையில் பழுப்பு நிறத்தில் ஒரு மாத்திரை.

"வாயில்லா ஜீவன்டா அது! என் மேல கோபம்னா என்னை வெட்டிப் போடு. அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

தம்பி கையை உருவப் பார்த்தான்; அவர் பிடியை இறுக்கினார்.

"வா, டாக்டர்கிட்ட. அவங்க முன்னாடி சொல்லு, என்ன விஷம்னு."

டாக்டரம்மா குண்டுவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பியிடம் கேட்டார்.

"இதை யார் குடுக்கச் சொன்னாங்க?"

"நான் வேலை பாக்கற இடத்துக்குப் பக்கத்துல ஒரு நாய் டாக்டர் இருக்கார். இது நடக்கறதை போன்ல படம் புடிச்சுக் காட்டினேன். தினம் ஒண்ணு குடுக்கச் சொன்னார். போன வாரத்துலேருந்து குடுக்கறேன்."

டாக்டரம்மா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இது விஷம் இல்லைங்க. மூட்டு மாத்திரை. நீங்க குடுக்கற அதே மருந்துதான், கம்பெனிதான் வேற. ஒண்ணு போக வேண்டிய வயித்துக்குள்ள ரெண்டு போயிருக்கு. அதான் தாங்கலை. கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சா சரியாயிடும்."

தம்பியின் மணிக்கட்டில் தன் விரல்தடம் சிவந்திருப்பதை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"ஏன்டா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலை இழுத்துக்கிட்டு நடக்குது, மனசு கேக்கலை. யார்கிட்டண்ணே போய்ச் சொல்லச் சொல்றே?"

அவர் தலை குனிந்துகொண்டார். இருவருக்கும் நடுவில், மேஜைமேல், குண்டு இரண்டு பேர் கைகளையும் மாறி மாறி நக்கிக்கொண்டிருந்தது.

"மருந்தை மாத்த வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா மறுபடி ஆரம்பிக்கும்போது, தினமும் காலையில ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டு, அப்புறம் குடுங்க."