மிச்சம் வைத்த கால்

நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓட வேண்டிய போட்டி அது. தன் முறைக்காகக் காத்திருந்த ஷூவுக்குப் போன வருஷக் கோபம் ஆறவே இல்லை.

"எல்லாரையும் முந்திப் பறந்துட்டு, செத்த காலை என் தலையில கட்டினே. நான் நொண்டினதைப் பார்த்து ஊரே சிரிச்சுது," என்றது சைக்கிளிடம்.

"மெதுவாப் போனாலும் கால் நோகக் கூடாதுன்னுதான் இந்தத் தடவை முன்னாடி சின்னப் பல்சக்கரம் மாட்டியிருக்கேன்," என்றது சைக்கிள். நீந்தி வந்தவனை ஏற்றிக்கொண்டு போய், கடைசியாகத் திரும்பியது.

முன்பே வந்து நின்ற சைக்கிள்கள், "மாட்டுவண்டி வந்துடுச்சுடோய்!" என்று கூவின.

ஷூவும் திட்ட வாயெடுத்தது. அதற்குள் கால் உள்ளே நுழைந்தது. தெம்பு குறையாமல் துள்ளியது.

"உன்னையா மாட்டுவண்டின்னாங்க?" என்றது ஷூ. "இரு, அவங்க ஷூவையெல்லாம் ரோட்டுல விசாரிச்சுட்டு வரேன்."