நடுங்காத கோடு

திரையில் கோடு மயிரிழை பிசகாமல் வளைந்து குதிரையின் கழுத்தாக நின்றது. தாதாங் பேனாவை மேசைமேல் போட்டான்.

“உன் கணக்கு நல்லாத்தான் வரையுது, லிலிஸ். நடுவுல நான் எதுக்கு?”

அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். “கழுத்து சரி. மூஞ்சி கழுதை மாதிரி இருக்கே, அதுவும் என் கணக்கா?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாண்டுங் நகரத்து மழை மத்தியானத்திலிருந்தே விடாமல் பெய்துகொண்டிருந்தது.

படக்கதை வரைந்து பிழைப்பவன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு நொறுங்கியதிலிருந்து வலது கை நடுக்கம். காப்பி குடிப்பதுகூட இடது கையால்தான். வரைவது மட்டும் வலது கையால்; அதையும் அவன் நம்புவதில்லை.

மென்பொருள் எழுதும் லிலிஸ்தான் அவன் வரையும் கணினிக்குள் சின்னச் சின்னக் கணக்குகளை எழுதிக் கோத்துக் கொடுத்தாள். ஒன்று நடுக்கத்தைச் சலித்தெடுக்கும்; அது தருவதை வாங்கி இன்னொன்று வளைவாக்கும். வேண்டியதை மாட்டலாம், வேண்டாததைக் கழற்றலாம்.

ஆரம்பத்தில் கோடு பேனாவுக்குப் பின்னால் தயங்கித் தயங்கித்தான் வந்தது. இப்போது நுனியோடு ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. மேலும் மேலும் மெருகேற்றுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கோடு அழகாக ஆக ஆக, தன் கைக்கு அங்கே வேலையில்லை என்று பட்டது.

பதிப்பகத்தில் பேசி, புதுத் தொடரை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லப் போவதாகச் சொன்னான். அடுத்தவர் வரைவதற்குத் தன் பெயரைப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்றான்.

லிலிஸ் ஆபீசிலும் வீட்டிலும் திரையையே பார்த்துச் சிவந்த கண்களைக் கசக்கிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவன் போனைக் கையிலெடுத்தான்.

“என்ன காரணம் சொல்வீங்க?”

“உண்மையத்தான். வரையுறது நான் இல்ல, என் பொண்டாட்டி போட்ட கணக்குன்னு.”

“அப்ப பொய்தான் சொல்லப் போறீங்க,” என்றாள் களைப்போடு. “அந்தக் கணக்கு எல்லாத்தையும் போன வாரமே கழட்டிட்டேன்.”