ஐந்தாவது வரி

“ஓடுறது ஒண்ணு. குழாய்ல தண்ணி வர்றது ரெண்டு. மெஷின் வேலை செய்றது மூணு. துணியில சாயம் போறது நாலு. அஞ்சாவது...”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையில் விடை ஒட்டியிருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார். எதிரே அடுப்பு மேடையில் சாய்ந்து, அட்டையும் கையுமாக நின்றிருந்தாள் மனைவி.

முந்தின நாள் தொடங்கிய சொல் ‘ரன்’. அந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. அதில் ஐந்து பொருளை மட்டும் பொறுக்கியிருந்தாள். நான்கை அட்டையில் எழுதிவிட்டு, நேற்று அவர் தப்பாகச் சொன்ன ஐந்தாவதற்கு மட்டும் வரியைக் காலியாக விட்டிருந்தாள்.

“அஞ்சாவது, கிரிக்கெட்ல எடுக்கிறது.”

“உங்களுக்கு விளையாட்டுப் புத்திதான் வரும். கடை நடத்துறதுங்க. ஷி ரன்ஸ் எ ஷாப்.”

“கடைக்குக் கால் முளைச்சிடுச்சா, பின்னாடியே ஓட?”

“ஒண்ணைப் பொறுப்பெடுத்து நடத்துறதுக்கும் ரன்னுதான். நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“ஷி இஸ் ரன்னிங் எ ஷாப்னு சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம். ஆனா ஏதோ இப்போதைக்குப் பார்த்துக்கிறான்னு ஆயிடும். அவ தொழிலே அதுதான்னா ரன்ஸ்.”

“யாரு அந்த ஷி?” என்று கேட்டுவிட்டு, மூலையில் இருந்த அவளுடைய தையல் மெஷினைப் பார்த்தார்.

“பேச்சை மாத்தாதீங்க.”

அவர் நீரேற்று நிலையத்தில் பம்ப் இயக்குபவர். மேற்பார்வையாளர் ஆக ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும் என்று வந்து நின்றது இரண்டு வருடத்துக்கு முன்னால். யாராவது கேள்வி கேட்டால்தான் தன் மண்டையில் ஏறும் என்றார். அதற்குள் பரீட்சைத் தேதி நாலு தடவை தள்ளிப் போயிருந்தது.

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமான புதிதில் மாலை வகுப்புக்குப் போகச் சொல்லி அவர் கெஞ்சியபோது, “இனிமே எனக்கெதுக்கு?” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தாள். புருஷனுக்குப் பரீட்சை என்றதும்தான், எழுத்துக் கூட்டி அகராதியைப் புரட்டத் தொடங்கினாள்.

இவ்வளவு பாடுபட்டும் அவர் தினமும் ஒன்றைத் தப்பாகச் சொன்னார். அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“இந்த அஞ்சாவது வரிய நீங்களே எழுதிக்கிட்டு வாங்க. அப்பத்தான் வீட்டுக்குள்ள விடுவேன். படி ஏறி இறங்கும்போதெல்லாம் எடுத்துப் பாருங்க.” அட்டையை அவர் சட்டைப் பையில் தானே செருகிப் பட்டனையும் போட்டாள்.

“சரிங்க டீச்சரம்மா” என்று சிரித்தபடி சைக்கிளை எடுத்தார்.

மதியத்துக்குள் ஆள் வந்தது. பம்ப் அறையின் இரும்புப் படியில் தவறி விழுந்துவிட்டார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். “எதையோ பார்த்துக்கிட்டே இறங்கினாராம்.” அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அட்டையைச் செருகியது இந்தக் கைதானே என்று கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து நெட்டை வந்தான். அவரோடு அதே பம்ப் அறையில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். உயரத்தால் வந்த பெயர். கையில் அவருடைய சாமான்கள் உள்ள பையும், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளும் இருந்தன.

“எல்லாம் வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போடணும் அண்ணி. இந்த மாதிரித் தாளெல்லாம் அண்ணன்தான் எங்களுக்குப் படிச்சுச் சொல்வாரு. இருங்க, நான் தட்டுத் தடுமாறிச் சொல்றேன்.”

போனவரைப் பற்றி எல்லோரும் ஒரு படி உயர்த்தித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவள் தாளை வாங்கிப் படித்தாள்.

“சாப்பாட்டு டப்பா ரெண்டுன்னு போட்டிருக்கு. பையில ஒண்ணுதான இருக்கு?”

நெட்டை தாளை எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “ஆமா அண்ணி. தப்பா அடிச்சிருக்காங்க.”

அவள் கண் அடுத்த வரியில் நின்றுவிட்டது. சட்டைப் பையில் இருந்த அட்டை, ஒன்று.

“அட்டை அவர் கையில இல்லையா?”

“கையில டார்ச்சுதான் இருந்துச்சு. அன்னைக்குப் படிக்கட்டு லைட்டு எரியல, அடிச்சுப் பார்த்துக்கிட்டே இறங்கினாரு. பையில போட்ட பட்டன்கூடக் கழட்டல.”

மூன்று வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் உடைந்தது. அழுது முடியும்வரை நெட்டை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து அட்டையை எடுத்தாள். ஐந்தாவது வரி காலியாகவே இருந்தது.

“இந்த ஒண்ணுதான் தம்பி அவருக்கு வரல. கொஞ்ச நாள் இருந்திருந்தா பரீட்சைல தேறியிருப்பாரு.”

“எந்தப் பரீட்சை அண்ணி?”

“அதான், சூப்பர்வைசர் ஆகுறதுக்கு. இங்கிலீஷ் பரீட்சை.”

நெட்டை அட்டையைப் பார்த்தான். அவள் மடியில் கிடந்த தாளைப் பார்த்தான்.

“எங்க வேலையில ஏது அண்ணி பரீட்சை?”