இரண்டு டேமேஜ்

"ரெண்டே ரெண்டு டேமேஜ்தானா கண்ணு? நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்துட்டேன் மொதலாளி. ரெண்டு எடத்துலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்."

மகுடேஸ்வரனுக்கு முகம் மலர்ந்தது. நெருப்பெரிச்சல் ஊரில் உள்ள அவருடைய பனியன் கம்பெனியில், செக்கிங் அபிராமியின் கண்ணுக்கு ஊசி ஓட்டைகூடத் தப்பாது.

ஆனால் இன்று அவள் மேஜைமேல் வைத்தது பனியன் அல்ல. சொந்தக் காசில் அவர் ஆயிரம் பிரதி அச்சடித்திருந்த தன் வரலாறு. ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா.

"கோயமுத்தூர் எடிட்டரு ஒரு மாசம் கேட்டாரு. எம்பட பொழப்புல அவரு என்ன வெட்டறதுன்னு அனுப்பிச்சுட்டேன். நீ ரெண்டே நாள்ல முடிச்சுட்டியே!"

சாப்பாட்டு நேரத்திலும் நூலகத்து நாவலும் கையுமாக இருப்பவள் என்பதால்தான் அவளிடம் கொடுத்தார். மூன்று வருடமாக வேலையில் ஒரு குறை இல்லை. நைட் ஷிப்டுக்கு மட்டும் அவள் அம்மா அனுப்புவதில்லை.

அபிராமி முதல் ஸ்டிக்கர் இருந்த முப்பத்தோராம் பக்கத்தை வாசித்தாள். "'துணி திருட்டுப் போகாமலிருக்க, இரவில் ஆட்களை உள்ளே விட்டு நானே குடோனைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவேன். தொண்ணூறிலிருந்து பத்து வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.'"

"அருமையான எடமாச்சே!"

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம். 'தொண்ணூற்றாறில் ஓர் இரவு குடோன் தீப்பிடித்தது. கதவு திறந்தே இருந்தும், குடிபோதையில் தூங்கிய தொழிலாளி சோணைமுத்து வெளியே வராமல் இறந்தார்.'"

மகுடேஸ்வரனின் சிரிப்பு பாதியில் நின்றது. 'சில இடம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டலீங்க, உட்கார்ந்து பேசணும்' என்று எடிட்டர் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. ஐம்பது பிரதிகள் அழைப்பிதழோடு ஏற்கெனவே போய்விட்டன.

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுப்போடலாம் கண்ணு. போன புத்தகத்தையும் திருப்பி வாங்கிக்கறேன். நீ யாருகிட்டயும் சொல்லலியே?"

"ஒருத்தருகிட்ட மட்டும் சொன்னேன்."

"யாருகிட்ட?"

அபிராமி புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சோணைமுத்து சம்சாரத்துகிட்ட. எங்கம்மாதான். கம்பெனி கேட்டுல நிக்குது, அதுக்குப் படிக்கத் தெரியாது. முப்பத்தோராம் பக்கத்த நீங்களே வந்து படிச்சுக் காட்டுங்க மொதலாளி."