தும்பி தேர்ந்தெடுத்த ஜோடி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வெட்கமே கிடையாது, பயந்து அலறுகிற மூஞ்சியைக்கூடப் படம் பிடித்து ஊருக்குக் காட்டணுமாம் என்று பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டின வரிசையில் நிற்கும்போதே சவரிமுத்து முனகினார். உயரே போய்ச் சட்டென்று கீழே விழும் அந்த ராட்டினத்தில் போனை வெளியே எடுக்கக் கூடாது. கட்டைவிரல் பருமனில் ஓர் எந்திரத் தும்பி முகத்துக்கு முன்னால் பறந்தபடியே படமெடுக்கும். இரண்டு கையும் சும்மா இருக்கலாம். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஓரம் ஆபத்து என்று மனைவி லூர்தம்மாளை அவரேதான் நடுவில் உட்கார வைத்தார். அவளுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு நரைமீசைக்காரர்.

இறங்கி வந்தால், வாசல் திரையில் தும்பி தானாகத் தேர்ந்தெடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது: 'இன்றைய அழகான ஜோடி.' லூர்தம்மாள் நரைமீசைக்காரரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஓரத்தில் சவரிமுத்துவின் முழங்கை மட்டும் தெரிந்தது.

"யாரு அவன்?"

"எனக்கென்ன தெரியும்? விழுறப்ப உங்க கையைத்தாங்க தேடுனேன். நீங்க ரெண்டு கையாலயும் கம்பியைக் கட்டிக்கிட்டு, கண்ணை மூடிட்டு இருந்தீங்க."

"பின்ன? கம்பியோட பூட்டு கழண்டுக்கிட்டா?"

"அவரு பயப்படலையே."

"நாப்பது வருஷத்துல எங்கிட்ட இப்படிச் சிரிச்சிருக்கியா நீ?"

லூர்தம்மாள் கையை நீட்டினாள். "வாங்க, இன்னொரு தடவை ஏறுவோம். கம்பியை விட்டுட்டு இதைப் பிடிங்க."

சவரிமுத்து அந்தக் கையைப் பார்த்தார். திரையையும் பார்த்தார். "அந்தத் தும்பி பொய் சொல்லுது" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வெளிவாசலை நோக்கி நடந்தார்.