மே ஒன்றுக்கு முந்தின காலை

லில்லஹாமரில் ஏப்ரலின் கடைசிக் காலை. கூரைப் பனி உருகி ஜன்னலோரம் சொட்டுகிறது. நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனை தூருன் படுக்கையை விட்டு எழாமல், கழுத்தில் இரண்டு விரல் வைத்து நாடியை எண்ணுகிறாள். ஒரு மாத ஓய்வு இன்றோடு சரி. நாளை பயிற்சி ஆண்டு பிறக்கிறது. கோடைக்கென்று மெழுகு பூசிக் கட்டிய சறுக்குப் பலகைகள் சுவரோரம் நிற்கின்றன. இருபத்தொன்று, இருபத்திரண்டு. அடுத்த துடிப்பைக் காணோம். பருவக் கடைசியிலிருந்தே இப்படித் துடிப்பு தவறுவதை, பந்தயக் களைப்புதான், ஓய்வெடுத்தால் போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தவள், மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். விரலடியில் பொத்தென்று ஒன்று விழுகிறது. அடுப்படியிலிருந்து கணவன் ஹால்வர் கேட்கிறான்: "என்னம்மா, இன்னிக்கு எவ்வளவு?" "முப்பத்தெட்டு." "அடேயப்பா! நிமிஷத்துக்கு அவ்வளவு கம்மியா! குதிரை இதயம்டி உனக்கு!" என்று சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள், கழுத்திலிருந்து விரலை எடுக்காமல்.