ஓட விடமாட்டேன்

"ஓட விடமாட்டேண்ணே. நீங்க சொன்னபடி சாயங்காலம் வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். உங்க தம்பிக்குச் சந்தேகமே வராது."

மரத்தூள் கொட்டப் பின்பக்கம் போனவள் கூடையோடு அப்படியே நின்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தவன், அவர்கள் நம்பிக் கூட்டிவந்த எலெக்ட்ரீஷியன். தம்பி என்றால் அவள் கணவன். அப்படியானால் அந்த அண்ணன்? எதிர்வரிசையில் பெரிய மரப்பட்டறை வைத்திருக்கும் மூத்தவரேதான்.

உள்ளே கணவன் ரம்ப மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஐரோப்பாவில் யாரோ ஓட்டித் தேய்த்து, கப்பலேறி வந்த பழைய மெஷின். மகளைக்கூட அவன் இவ்வளவு பாசமாகத் துடைத்துவிட்டதில்லை.

மெஷினுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். அவர்கள் ஷெட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். அதனால் நடுவில் ஒரு கன்வர்ட்டர். அதில் ஒரு மோட்டார் எந்த வேலையும் செய்யாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றினால்தான் மூன்றாவது ஃபேஸ் கிடைக்குமாம்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் சும்மாதான் சுத்திட்டிருந்தார். ஒண்ணும் கிடைக்கலையே!" என்று காலையில் அவள் சொன்னபோது எலெக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரித்தான். நடிகன்!

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருகிறார். லைப்ரரி முழுக்க அலமாரி. மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர். அது கைவிட்டுப் போனால் ஷெட்டைக் காலி செய்துவிட்டுக் கணவன் யாரிடமாவது கூலிக்குப் போகவேண்டியதுதான்.

எலெக்ட்ரீஷியன் உள்ளே வந்தான். "அண்ணி, மெஷினை இப்ப ஓட்ட வேணாம். சாயங்காலம் பார்த்துக்கலாம்."

"ஏன்? காலையில ஓடுச்சே!"

"ஓடுது. நிக்கத்தான் மாட்டேங்குது. ஸ்விட்சை அணைச்சதும் பிளேடைப் பிடிச்சு நிறுத்த உள்ள ஒரு பிரேக் இருக்கு. அது வேலை செய்யல."

"தானா நின்னுட்டுப் போகுது, விடுப்பா. நான் பார்க்காத ரம்பமா?" என்றான் கணவன்.

எலெக்ட்ரீஷியன் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அதை இப்படிக் குடு."

"சாயங்காலம் தர்றேன் அண்ணி."

"இன்னொரு தடவை அண்ணின்னு கூப்பிடாதே!"

கூடையை வீசிவிட்டு அவள் தெருவைக் கடந்தாள்.

கணவனுக்கு இடதுகையில் இரண்டு விரல் பாதிதான். அண்ணன் பட்டறையில் போனது. அதற்குப் பிறகு அண்ணன் அவனை மெஷின் பக்கமே அண்டவிடவில்லை. பில் எழுத உட்காரவைத்தார். 'முடவன்னு ஒதுக்கறாரு' என்று இவன் கோபித்துக்கொண்டு வந்தவன்தான். அன்றோடு பேச்சு நின்றது.

பெரிய பட்டறையில் சத்தமே இல்லை. வேலையாட்கள் சுவரோரமாகக் கதையளந்துகொண்டிருந்தார்கள்.

"மாமா எங்கே?"

ஒருவர் கை காட்டினார். ரம்ப மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் அந்தக் கால்களைப் பார்த்தே கத்தினாள். "வயிறு எரிஞ்சா தண்ணி குடிங்க மாமா! எங்க மெஷினை நிறுத்தி வெச்சாத்தான் உங்களுக்குச் சோறு இறங்குமா? கூடப் பிறந்தவர் பிழைக்கறது அவ்வளவு உறுத்துதா?"

கால்கள் அசையவில்லை.

"முடிச்சிட்டியாம்மா?" அடியிலிருந்து குரல் வந்தது. "அப்ப கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிற."

அவளுக்குச் சுருதி இறங்கியது. "என்ன பண்றீங்க?"

"பிரேக்கை இயக்கற சர்க்யூட் கார்டைக் கழட்டறேன். உங்க மெஷின்ல இருந்தது எரிஞ்சு போச்சு. புதுசு கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள உங்க ஆர்டர் போயிடும். நல்லவேளை, என்னுதும் அதே கம்பெனி."

"அப்ப உங்க மெஷின்?"

"நிக்காத ரம்பத்தை எவன் ஓட்டுவான்? புதுசு வர்ற வரைக்கும் கிடக்கட்டும்."

அவள் வெளிச்சத்தை விட்டு விலகி நின்றாள்.

"அவன் விரல் போன அன்னிக்கு ஸ்விட்சை அணைச்சது நான்தாம்மா. நின்னுடுச்சுன்னு நெனச்சுக் கையை விட்டான். அப்புறம்தான் பிரேக் இருக்கற மெஷினாத் தேடி வாங்கினேன்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"நான் குடுத்தேன்னு தெரிஞ்சா தொடுவானா? பழைய சாமான் கடையில கிடைச்சதுன்னு எலெக்ட்ரீஷியன் சொல்லிடுவான். நீயும் உளறிடாதே." ஸ்க்ரூ டிரைவர் எதன் மேலோ வழுக்கியது. "எல்லாம் அந்தக் கழுதையாலதான். ரெண்டு கம்பியை மாத்திப் போட்டு, கார்டுக்கு நல்ல லைன் போகவேண்டிய இடத்துல கன்வர்ட்டர் லைனை விட்டு எரிச்சிட்டானாம். அவனே ஒத்துக்கிட்டான். காலையில கண்டபடி திட்டினேன்."

நேற்று பிளேடு தலைகீழாகச் சுற்றியது. ஆளில்லாத நேரம் பார்த்து, எல்லோரும் செய்வதுபோல் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டதும் நேராகச் சுற்றியது. கணவன் கைதட்டினான்.

"மாத்தினது அவன் இல்லை மாமா. பழியைத் தன் மேல போட்டுக்கிட்டிருக்கான்."

"பின்னே?"

"நான்."

அந்தக் கால்கள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறார்.

அவள் மரத்தூளில் மண்டியிட்டுக் குனிந்து, அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிவைத்திருந்த டார்ச்சை எடுத்து, ஸ்க்ரூ இருந்த இடத்தில் வெளிச்சம் அடித்தாள்.